ஊசிக்குப் பயந்த முதல் பெயர்

மைதீன் காக்கா இன்று காலை போய்விட்டார். கோட்டாறிலிருந்து போன் வந்தபோது நான் ஆபீசில் அவர் எழுதிய புரோகிராமைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்...

எங்கள் ரத்ததானக் குழுவின் டேட்டாபேஸை, அதாவது ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை, உருவாக்கியவர். அதில் முதல் பெயரே அவருடையது. ஆனால் ஊசியைக் கண்டால் மனிதர் மயங்கி விழுவார்! ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்ததில்லை.

"எனக்க ரத்தம் எதுக்கு மக்கா? நான் ஆள் தாறேம்லா" என்பார். தந்துகொண்டே இருந்தார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு ஆசை. தகவலைச் சேமிக்கும் முறையையே மாற்ற வேண்டும். பாதி இடம் போதும், தேடினால் சட்டென்று வரும். ஒரே சிக்கல்... ஒரு நாள் முழுக்க யாரும் திறக்க முடியாதபடி பட்டியலைப் பூட்ட வேண்டும்.

காக்கா வேண்டாம் என்றார். நானா கேட்பேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு மட்டம் போட்டு ஆரம்பித்தேன்.

வேலை பாதியில் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். பிரசவ கேஸ், ஓ நெகட்டிவ் உடனே வேண்டும். பழையதும் திறக்கவில்லை, புதியதும் திறக்கவில்லை. காக்காவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

காக்கா ஸ்கூட்டரை எடுத்தார். நேரே எங்கள் சர்ச்! தொப்பியோடு போய் போதகரிடம் மைக்கை வாங்கி, "ஓ நெகட்டிவ் யாராவது உண்டுமா?"

மூன்று பேர் எழுந்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதோடு விட்டாரா? என் அம்மாவிடம், "ஒங்க மவ அங்க பட்டியலப் பூட்டிப் போட்டுட்டு இருக்கா, பாத்துக்கிடுங்க!" அன்று வீட்டில் எனக்குக் கிடைத்தது தனிக்கதை.

பிறகு அவரே ஒரு வழி செய்தார். பழைய பெயர்கள் பழைய முறையிலேயே இருக்கும். யாராவது ரத்தம் கொடுத்து, அவர் விவரத்தைத் திருத்தினால் அது மட்டும் புதிய முறைக்கு மாறும்.

"ரெண்டையும் வாசிக்க புரோகிராம் எழுதணுமே காக்கா, குப்பையாயிரும்!"

"குப்பை நம்மகிட்ட கெடக்கட்டும் மக்கா. ரத்தம் கேட்டு போன் விளிக்க ஆளு காத்து நிக்கப்பிடாது, கேட்டியா?"

வருடங்கள் போய் எல்லாப் பெயரும் மாறிவிட்டன. ஒன்றே ஒன்று பாக்கி... காக்காவின் பெயர். அந்த ஒன்றுக்காக அவ்வளவு பழைய புரோகிராமையும் வைத்திருக்க வேண்டும். அழிக்கட்டுமா என்று கேட்டால், "நான் ரத்தம் குடுக்கட்டும், பிறவு அழி" என்று சிரிப்பார். கடங்காரக் காக்கா!

இனி ரத்தம் கேட்டு யாராவது அவர் எண்ணுக்குக் கூப்பிட்டால்?

பெயரை அப்படியே விட்டேன். எண்ணை மட்டும் என் எண்ணாக மாற்றி சேவ் கொடுத்தேன். கடைசிப் பெயரும் புதிய முறைக்கு மாறிவிட்டது.

ஒரு நொடிகூடப் பட்டியலைப் பூட்டவில்லை, காக்கா. ஆள் நான் தாறேன். போய் வாங்க.