எழுபதாம் வயதில் பெண் கேட்டவர்

மலேசியாவின் போர்டிக்சன் வட்டார ரப்பர் தோட்டங்களில் நன்றியுரை என்ற அருங்கலையை வளர்த்தவர் கூலிகளை மேய்த்த முன்னாள் மண்டோர் அர்ச்சுனன். கோயில் திருவிழாவோ, கால்பந்துக் குழுவின் ஆண்டுக்கூட்டமோ, கடைசியாக எழுந்து, நாற்காலி இரவல் தந்தவர் முதல் பெய்யாமல் இருந்த மழை வரை நன்றி சொல்வார். சோறு ஆறினாலும் கூட்டம் அசையாது. அசைந்தால் முதலிலிருந்து தொடங்குவார் என்ற பயம்.

குடலிறக்க அறுவைக்காகச் சிரம்பான் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். மனைவி மயிலம்மாள் பால்வெட்டுக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கினார். திரும்பி வந்ததும், தம்மைப் பார்க்க வந்தவர்களுக்கு அர்ச்சுனன் கோயிலில் நன்றி கூறினார். பத்து நிமிடம் எட்டிப்பார்த்த வட்டாரத் தலைவருக்கே கால்மணி நேரம் பிடித்தது. மயிலம்மாள் வந்து பார்த்தவர் அல்லர், அங்கேயே இருந்தவர். ஆகவே பட்டியலில் இடமில்லை. விதிப்படி சரிதான்.

அர்ச்சுனனுக்கு அறுபது நிறைந்தபோது மயிலம்மாள் வாயைத் திறந்து ஒன்று கேட்டார்: மனையில் உட்கார்ந்து மறுபடியும் தாலி கட்டிக்கொள்ளும் அறுபதாம் கல்யாணம். அரக்குச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டார். குறித்த ஞாயிற்றுக்கிழமையில் கோயில் கமிட்டித் தேர்தல் வந்தது.

"கல்யாணம் எங்க ஓடிடப் போவுது? எழுபதுல செஞ்சிக்கலாம்லா," என்றார் அர்ச்சுனன். இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் உதவிச் செயலாளர் ஆனார். சேலை, நீலாய் நகரில் இருக்கும் மகள் மோகனாவுக்குப் போனது.

எழுபது நெருங்குவதற்குள் கமிட்டி அவரைக் கழற்றிவிட்டது. வீட்டோடு இருக்க நேர்ந்ததில் ஒரு மத்தியானம் அடுப்படிப் பக்கம் போனார். மயிலம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கணவர் தட்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். இந்தக் கடல் மீனுக்கு முள்ளே கிடையாது என்று நாற்பத்தைந்து வருடமாக நம்பியிருந்தவர் அர்ச்சுனன். அன்று முதல்முறையாகத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மறுநாளே மண்டபம் பிடித்தார். அழைப்பிதழ் அடித்தார். ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்து, கடைசியாக மணப்பெண்ணிடம் சொன்னார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"நமக்குத்தான், மயிலு."

"என்னக் கேட்டீங்களா?"

"இப்பக் கேக்குறேன்ல."

"வேணாங்க."

"வெளையாடாத. கார்டெல்லாம் போயாச்சி."

"மொத தடவ எங்கப்பாவக் கேட்டீங்க, அவரு சரின்னாரு. இந்தத் தடவ எங்கிட்ட வந்திருக்கீங்க. நான் வேணாங்கிறேன்."

"இன்னும் அந்தக் கோவமா?"

"கோவம் எப்பவோ போச்சி. அதோட ஆசையும் போச்சி."

பெண்ணுக்கு முட்டிவலி, கல்யாணம் ஒத்திவைப்பு என்று அர்ச்சுனன் ஊருக்கு அறிவித்தார். கோயில் செயலாளர் மகேந்திரன் மைலோ டின்னோடு நலம் விசாரிக்க வந்தார். அர்ச்சுனன் அறைக்குள் போய்விட்டார்.

"முட்டி எப்படிக்கா இருக்கு?"

"முட்டிக்கு என்னா தம்பி, நல்லாத்தான் இருக்கு. இவரு பொண்ணு கேட்டாரு, எனக்குச் சம்மதமில்ல."

"அண்ணனுக்கு என்னாக்கா கொற?"

"கொறையெல்லாம் சொல்ல மாட்டேன். நல்லாப் பழகின ஆளு. அதான்."

மகேந்திரன் தேநீரை அவசரமாகக் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். அர்ச்சுனன் வெளியே வந்தார்.

"இன்னொரு தடவ கேட்டா?"

மயிலம்மாள் மைலோ டின்னை ஓரமாக வைத்தார். "கேளுங்க."

கேட்டார். இந்த முறை ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

"வேணாங்க," என்று சொல்லி, மகேந்திரன் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு மயிலம்மாள் உள்ளே போனார்.