அண்ணாச்சி கொடுத்த எண்ணெய் கேன்

கல்லூரியில் மாணவர்களோடு சேர்ந்து, பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்து பார்க்கிறோம். வினையூக்கியாக முட்டை ஓடு. சூளையில் சுட்டுப் பொடித்தால் போதும். முட்டை வெள்ளைக்கருவில் மக்ரூன் போடும் பேக்கரியில் கேட்டதுமே ஒரு சாக்கு நிறைய ஓடு தந்துவிட்டார்கள்.

எண்ணெய்க்குத்தான் பெரும்பாடு.

மில்லர்புரத்தில் வழக்கமாகப் பொரிச்ச பரோட்டா வாங்கும் கடைக்கு நேற்று சாயங்காலம் போனேன். "அண்ணாச்சி, காலேஜ் லேபுக்குக் கொஞ்சம் பழைய எண்ணெய் வேணும்" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அண்ணாச்சிக்கு முகமே மாறிவிட்டது.

"நம்ம கடையில பழைய எண்ணெய்ங்கிற பேச்சுக்கே இடமில்ல டீச்சர்."

நான் வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்தார். "காலையில பின்வாசலுக்கு வாங்க, தாரேன்" என்றார் மெதுவாக.

இன்று காலை கேனை வாங்கி வந்து லேபில் திறந்தால், எண்ணெய் பொன் மாதிரி மின்னுகிறது. ஒரு அப்பளம்கூட அதில் பொரிந்திருக்காது.

போன் போட்டேன்.

"லேபுக்குன்னு சொன்னீங்கல்லா? நம்ம எண்ணெயைச் சோதிச்சு ஏதாவது எழுதிட்டாங்கன்னா கடைப் பேரு என்னாவது? அதான் புது டின்னை உடைச்சு ஊத்தினேன்."

"அப்போ பழசு?"

"அது சட்டியில கெடக்கு டீச்சர். சாயங்காலம் யாவாரம் இருக்குல்லா."

ஆக, எங்கள் ஊரில் புது எண்ணெய் வண்டிக்கு, பழைய எண்ணெய் வயிற்றுக்கு.

ராத்திரி பரோட்டாவுக்கு நான் போகத்தான் போகிறேன். கூட யாரெல்லாம் வருகிறீர்கள்?