மாகிரட் கீறிய கோடு

கப்பல்துறை அகதி முகாமில் மாகிரட்டுக்கு யாரும் பதவி கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். 1991இல் சண்டைக்குப் பயந்து வெருகல் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. பட்டினத்தில் அரைநாள் சுகாதாரப் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பும்போது கையில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி உப்புப் பக்கெற்றுகள், வாயில் அதிகாரம்.

மழையில் கிணறு கலங்கியதும் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கிற்று. குடிக்கக் குடிக்கத்தான் போகிறது என்று தாய்மார் தண்ணீரையே நிறுத்தினார்கள். மாகிரட் குடிசை குடிசையாக ஏறி இறங்கிச் சண்டை பிடித்தாள். தண்ணீரோடு உடம்பின் உப்பும் சேர்ந்து போகிறது, இரண்டையும் திருப்பிக் கொடுக்காவிட்டால் பிள்ளை தப்பாது என்றாள். ஒரு பக்கெற்றுக்கு ஒரு போத்தல் கொதித்தாறின தண்ணீர், கரண்டி கரண்டியாகப் பருக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய பாடம். பக்கெற்றில் ஒரு லீற்றர் என்றுதான் அச்சிட்டிருந்தது. ஆனால் மண்ணெண்ணெய் முதல் தேங்காயெண்ணெய் வரை போத்தல் கணக்கில் வாங்கிப் பழகிய ஆட்களில் லீற்றரை யார் கண்டார்கள்? இரண்டும் ஒன்றுதான் என்று அவள் நம்பிவிட்டாள்.

பலர் தேறினார்கள். மாகிரட்டின் நடையே மாறிப்போனது.

ராசமலரின் எட்டுமாதப் பெண்பிள்ளை மட்டும் தேறவில்லை. தாய்ப்பால் வற்றிவிட்டதால் அந்தக் கரைசல்தான் பிள்ளைக்கு எல்லாம். ராசமலர் சொன்ன சொல் தவறாதவள். சாராயப் போத்தலைக் கழுவி, கழுத்துவரை நிரப்பி, அளவாகக் கரைத்துப் பருக்கினாள். மூன்றாம் நாள் பிள்ளை கரண்டியைக் கண்டாலே பாய்ந்தது. எவ்வளவு குடித்தும் தாகம் அடங்கவில்லை. தொட்டால் வீரிட்டது. மாகிரட் இருவரையும் ஒரு லொறியில் ஏற்றிப் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இரத்தத்தைச் சோதித்த டொக்டர், உப்பு கூடிவிட்டது, எதில் கரைத்தீர்கள் என்று கேட்டார். ராசமலர் பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினாள். இது முக்கால் லீற்றர்தான், தண்ணீர் போதவில்லை என்றார் அவர். உப்பை மெதுவாகத்தான் இறக்கலாம், அவசரப்பட்டால் வலிப்பு வரும், இரண்டு நாள் போகாமல் எதுவும் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

"என்ர கைப்பிழை," என்று ராசமலர் தலையிலடித்து அழுதாள்.

அப்படியே விட்டிருந்தால் பழி மாகிரட்டிடம் வந்திருக்காது. ஒரு நிமிடம் விடத்தான் நினைத்தாள், வெட்கம் அப்படிப் பிடுங்கித் தின்றது. பிறகு ராசமலரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன்ர பிழையில்லை. நான்தான் போத்தல் எண்டு சொன்னனான். நீ சொன்னபடிதான் செய்தனி."

ராசமலர் கையை உருவிக்கொண்டாள்.

குந்தியிருந்து அழ மாகிரட்டுக்கு நேரமில்லை. முகாமில் இன்னும் நாற்பது குடிசைகளில் அதே போத்தல்தான். வார்ட்டில் கெஞ்சி இரண்டு வெறும் சேலைன் போத்தல்கள் வாங்கினாள், ஒவ்வொன்றும் அரை லீற்றர். சோதனைச்சாவடியில் ஆமிக்காரன், மருந்துச் சாமான் போராளிகளுக்குப் போகிறதோ என்ற சந்தேகத்தில் அவற்றை எடுத்துவைத்துவிட்டு, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று மிரட்டினான். அவள் இரண்டையும் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். தராமல் போகமாட்டேன் என்று வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றாள். கடைசியில் அவனுக்கே அலுத்துப்போய்க் கொடுத்துவிட்டான்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு குசினியிலும் சட்டியை வாங்கி, அந்த இரண்டு சேலைன் போத்தல் தண்ணீரையும் ஊற்றி, நின்ற மட்டத்தில் ஆணியால் கோடு கீறினாள். முதலில் சொன்னது பிழை என்பதையும் ஒவ்வொரு வீட்டிலும் தன் வாயாலேயே சொன்னாள். பெரிய டொக்டரம்மா என்று ஒரு வீட்டில் குணமணி என்பவள் நக்கலடித்தாள். சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுக்கும் மாகிரட், அன்று அதை விழுங்கிக்கொண்டு அடுத்த குடிசைக்கு நடந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆறாம் நாள் ராசமலர் பிள்ளையோடு திரும்பி வந்தாள். பிள்ளை மெலிந்திருந்தாலும் சிரித்தது. மாகிரட் ஆணியும் சேலைன் போத்தல்களும் கையுமாக, உள்ளே போகத் துணிவில்லாமல் வாசலிலேயே நின்றாள். ராசமலர் அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சட்டியை எடுத்து வந்தாள்.

"இதிலயும் கீறுங்கோ அக்கா. அழியாத மாதிரிக் கீறுங்கோ."

மாகிரட் தண்ணீரை அளந்து ஊற்றி, நின்ற மட்டத்தில் ஆணியை அழுத்தினாள். ராசமலர் சட்டியை ஆடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.