எங்கள் ஊர்க் கரடி ஓடுகிறதா?

ஊர்ச் சின்னத்தில் இருக்கும் கரடியைத் தூக்கப்போகிறார்களாம். நகரமன்றத்தில் காபி போடுகிறவளின் நாத்தனார் சொன்ன செய்தி இது. முடிதிருத்தகம் வைத்திருக்கும் கிராஷினா அதைத் தையல்கடை போஷேனாவிடம் கொண்டுவந்தாள், வந்ததும் திருத்தினாள்.

"தூக்கல, திருப்பப்போறாங்களாம்டி. வார்சாவிலேருந்து, ஊர்ச் சின்னங்களைச் சரிபாக்கற குழு கடுதாசி போட்டிருக்கு. முப்பது வருஷமா நம்ம கரடி தப்பான பக்கம் பாக்குதாம்!"

தையல் எந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த போஷேனாவின் கால் நின்றது.

நாங்கள் சின்னம் மாற்றிப் பழகியவர்கள். ஜெர்மானியர் காலத்தில் கரடி. போருக்குப் பிறகு, அது ஜெர்மன் கரடி என்று விரட்டிவிட்டுப் பற்சக்கரமும் கோதுமைக் கதிரும் வைத்தார்கள். போஷேனாவின் பள்ளிச் சட்டைக் கையில் இருந்தது அந்தச் சக்கரம்தான். தைக்கச் சொன்னதை அவள் ஊக்கால் குத்திக்கொண்டு போவாள். மணி அடித்ததும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள். இரண்டு முறை ஆசிரியையிடம் அகப்பட்டு மூலையில் நின்றிருக்கிறாள்.

தொண்ணூற்றொன்றில் கரடி திரும்பி வந்தது. முதல் கொடியைத் தைக்கும் வேலை அவளுக்கு. படம் கிடைக்கவில்லை, பழைய சாசனத்தின் ஒரு வரிதான் கிடைத்தது: 'வலம் நோக்கும் கரடி.' தனக்கு எது வலமோ அந்தப் பக்கம் பார்க்க வைத்தாள். பெருமை தாங்காமல் கொடியின் ஓரத்தில் தன் பெயரையும் பொடியாகத் தைத்தாள். அந்தக் கொடியைப் பார்த்துத்தான் பேருந்து, சாக்கடை மூடி, கேக் பெட்டி எல்லாவற்றிலும் கரடி ஏறியது.

சாசனம் சொன்ன வலம், சின்னம் பொறித்த கேடயத்தைப் பிடித்திருப்பவனின் வலம். எதிரே நின்று பார்ப்பவளுடையது அல்ல.

"இப்படித் திரும்பி நின்னா, சண்டைக்குப் பயந்து ஓடுதுன்னு அர்த்தமாம்," என்றாள் கிராஷினா. "யார் தைச்சதுன்னு மேயர் கேட்டுக்கிட்டிருக்காராம்."

கடை மூலையில் உட்கார்ந்திருந்த போஷேனாவின் கணவர், ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற லேஷேக், செய்தித்தாளை இறக்கினார். "நான் அப்பவே சொன்னேனே. ஸ்டேஷன் பக்கம் பாத்து ஓடுது. வண்டியைப் பிடிக்கணும் பாவம்."

"வாயை மூடு லேஷேக். சனிக்கிழமை தீயணைப்புக்காரங்க விழா. அவங்க சட்டைக்கையில குத்திக்க நானூறு சின்னம் தைச்சு வச்சிருக்கேன். நானூறும் பயந்து ஓடுது! இனிமே எவன் என்கிட்ட கொடி தைக்கக் குடுப்பான்?"

ஒரு சின்னத்தை எடுத்து லேஷேக்கின் இடக்கைமேல் வைத்துப் பார்த்தாள். வழக்கமாகக் குத்துகிற இடம் அதுதான். கரடி அவர் முதுகுப் பக்கம் ஓடியது.

"தீயைப் பாத்துத் திரும்பி ஓடற வீரன்," என்றார் லேஷேக்.

"அசையாம நில்லு." வலக்கைக்கு மாற்றினாள். கரடி அவரோடு சேர்ந்து முன்னால் பார்த்தது.

கிராஷினா கைதட்டினாள். "அடிப்பாவி! கையை மாத்தினா கரடிக்கு வீரம் வந்துடுதே!"

"கொடியை என்ன பண்ணுவ?" என்றார் லேஷேக். "அதுல உன் பேர் இருக்கு."

"அவங்க பூதக்கண்ணாடி வச்சுக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நான்தான் தைச்சேன், புதுசையும் நானே தைக்கிறேன், சனிக்கிழமைக்கு வலக்கைன்னு."

கைபேசியில் மேயரின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். லேஷேக் வலக்கையை நீட்டியபடியே நின்றார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.