கோணல் இல்லாத இறக்கை

அத்தைக்குக் கல்யாணம் கூடிவந்தது ஜாதகப் பொருத்தத்தால்தான் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அதற்குக் காரணம் ஒரு பொய். அந்தப் பொய்யை எதிர்த்து எங்கள் வீட்டில் வாயைத் திறந்தவள் நான் ஒருத்திதான். அதற்காக அம்மாவிடம் தொடையில் கிள்ளும் வாங்கினேன்.

அத்தை அப்பாவின் தங்கை. சிலேத்தார் விமானத்தளத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் குடும்பம் ஊர் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை அலுவலகத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மற்றவர்கள் இஸ்திரிப்பெட்டி, நாற்காலி என்று தூக்கிக்கொண்டு போக, அத்தை பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். உள்ளே பூப்போல எடையில்லாத பால்சா மரத் தகடுகள், மெல்லிய காகிதம், கைக்கடக்கமான ஓர் எஞ்சின், ஸ்பாஞ்சில் சுற்றிய ரேடியோ, பொத்தான் வைத்த ஒரு பெட்டி. தரையில் நின்று பொத்தானை அழுத்தினால் மேலே பறக்கிற விமானம் திரும்புமாம். அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஒரு ஃபிரிட்ஜ் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

தேக்காவில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் குடியிருந்தோம். பழைய அலமாரிக் கதவு ஒன்றை இரண்டு முக்காலிகளின் மேல் போட்டு, அதில் வரைபடத்தை விரித்து, அத்தையும் நானும் வேலையைத் தொடங்கினோம். எட்டு மாதம் ஆனது. அத்தை பிளேடால் வெட்டுவாள், நான் ஊசி குத்திப் பிடித்துக்கொள்வேன். பசையின் நெடி சாம்பார் வரை போய்விட்டது என்று அப்பா குறைப்பட்டுக்கொண்டார். முதல் தடவை பறக்கவிடும்போது பொத்தானை நான்தான் அழுத்த வேண்டும் என்று அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். நான்காம் வகுப்பில் என்னைப்போல் கர்வம் பிடித்த பெண் அந்த வருடம் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

அந்த எட்டு மாதத்தில் அத்தையைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்து போனார்கள். மூன்று பேரிடமும் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் போனதும் "வேணாம்ண்ணே" என்பாள், கதவுப் பலகைக்குத் திரும்பிவிடுவாள். நாலாவது ஆள் வருவதற்கு முதல்நாள் அப்பா பலகைக்கு எதிரே வந்து நின்றார்.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் இனிமே யார் வாசலையும் மிதிக்க மாட்டேன். மொதல்ல இந்தக் குப்பைய எடுத்து உள்ள வைங்க."

நான்கடி நீள இறக்கையை எங்கே ஒளித்துவைப்பது? அலமாரியின் தலையில் வைத்து அம்மா அதன் மேல் போர்வையைப் போட்டாள். இடது நுனி அப்படியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வந்தவர் தொலைபேசி இலாகாவில் வேலை செய்பவர். குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீடு, ஒல்லியான உடம்பு, அடிக்கடி மூக்குக்கு வழுக்கி வரும் கண்ணாடி. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அத்தையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மறுபடியும் அலமாரியையே பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த ரெக்கை லேசா முறுக்கியிருக்கு போல" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. இறக்கை துளி முறுக்கியிருந்தாலும் விமானம் ஒரே பக்கமாகச் சுற்றும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. அதனால் பள்ளிக்கூட அடிக்கோலை வைத்துப் பலகையிலிருந்து நான்கு மூலையின் உயரத்தையும் நானே அளந்திருந்தேன். எல்லாம் அரை அங்குலம், இம்மி பிசகில்லை.

"இல்லவே இல்ல, நேராத்தான் இருக்கு" என்றேன். அம்மா கிள்ளியது அப்போதுதான்.

அத்தை தலையை நிமிர்த்தினாள். "ஆமா, நானும் கவனிச்சேன். இடது பக்கம் முறுக்கித்தான் இருக்கு" என்றாள்.

"ஆவி காட்டினா நேராயிடும். அடுத்த ஞாயித்துக்கெழமை வந்து சரி பண்ணித் தரவா?"

அப்பா அவசரமாக, "தாராளமா வாங்க தம்பி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா இட்லிப் பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். ஒரு நுனியை அத்தையும் மறு நுனியை அவரும் பிடித்துக்கொண்டு ஆவியில் காட்டி, மெல்லத் திருகினார்கள். நடுவே நான்கடி இறக்கை. அப்பாவே அடிக்கோல் வைத்து அளந்திருந்தாலும் அதைவிட மரியாதையான இடைவெளியை வகுத்திருக்க முடியாது. அப்பா நிம்மதியாகக் கூடத்தில் தமிழ்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஓடியது. அத்தை ஆபீஸ் கதைகள் சொன்னாள். இவ்வளவு பேசுவாள் என்று எனக்கே தெரியாது. கடைசியில் அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்கு, அடுத்த வாரம் பாப்போம்" என்றார். அடுத்த வாரமும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அவர் படியேறி வரும்போதே அடிக்கோலோடு வழிமறித்தேன்.

"அங்கிள், மொதல்லயே அது நேராத்தான் இருந்துச்சு. நான் அளந்து பாத்தேன்."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, "தெரியும் லா" என்றார். "அத்தைகிட்ட சொல்லிடாத. நான் ஏதோ பெருசா கண்டுபிடிச்சிட்டதா நெனச்சிட்டு இருக்காங்க."

உடனே போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை முகம் சிவந்து, "நேரா இருக்குன்னு எனக்குத் தெரியாதாடி? அவர்கிட்ட மூச்சு விடாத, பாவம்" என்றாள்.

தெரிந்தே இரண்டு பெரியவர்கள் நேரான பொருளைக் கோணல் என்கிறார்கள், நான் இருவருக்கும் ரகசியம் காக்க வேண்டுமாம். அம்மாவிடம் போய் முறையிட்டேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அத்தையின் மூளையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நாலாவது ஞாயிறு ஃபேரர் பார்க் திடலுக்குப் போனோம், அப்பா உட்பட. அங்கிள் எஞ்சினை விரலால் சுண்டிச் சுண்டிக் கிளப்பினார். அத்தை விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வீசினாள். அது பறந்தது. எங்கள் கையால் ஒட்டிய அந்தப் பொருள் உறுமிக்கொண்டு எழுந்தபோது பொத்தான் பெட்டி என் கையில் இருந்தது. பிறகு இடப்பக்கம் சாய்ந்தது. ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். அழுத்திப் பிடித்தேன். அது கேட்கவில்லை. மறுபடியும் இடப்பக்கம், மறுபடியும் இடப்பக்கம், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தாழ்ந்து, திடலோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் மோதி இரண்டாக உடைந்து விழுந்தது.

"நான் சரியாத்தான் அழுத்தினேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

இருவரும் மரத்தடிக்கு ஓடினார்கள். ஆளுக்கொரு துண்டோடு திரும்பி வரும்போது சிரிப்பை அடக்க முடியாமல் தள்ளாடிக்கொண்டு வந்தார்கள். அவர் என்முன் குந்தி உட்கார்ந்தார். "ஒன் மேல தப்பே இல்ல. நேரா இருந்தத மூணு வாரமா ஆவி காட்டி நாங்கதான் கோணலாக்கிட்டோம்." பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை இத்தனை சந்தோஷமாகச் சொன்னவரை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. அப்பாவும் மரத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எட்டு மாத வேலை உடைந்து கிடக்கிறது, அழுவதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

சிராங்கூன் சாலையில் நடந்து வரும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். விசும்பலுக்கு நடுவே கேட்டேன்.

"இன்னொண்ணு செய்யலாமா அத்தை?"

"செய்யலாம்டி. அவங்க குவீன்ஸ்டவுன் வீட்டுல பெரிய மேசை இருக்காம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெரிய மேசை என்றால் ஆறடி இறக்கைகூடச் செய்யலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். தேக்காவில் இருக்கிற நான் அந்த மேசைக்கு எப்படித் தினமும் போவேன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.