சஹன் தாமரை

ஜொகூர் பாருவில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார் யஹ்யா. அவர் மனைவி ரம்ஜான் பீவிக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும்போது, இவ்வளவு இரும்பு எப்படித் தண்ணீரில் மிதக்கிறது என்று கேட்டுக் கேட்டு, வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்த மனிதரை மேலும் வாட்டியெடுத்தவள் அவள்.

வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கீழே கடை, மேலே வீடு. விடிவதற்குள் ஆணக் குழம்புக்கு மசாலா அரைத்துக் கொடுத்துவிடுவாள். பிறகு மாடி ஜன்னலில் தொங்கிய மூங்கில் தட்டியின் இடுக்கு வழியாகத்தான் அவளுக்கு ஜொகூர். பிள்ளை குட்டி இல்லை. மலாய்ப் பெண்கள் சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் தாராளமாகப் போய் வருவதைப் பார்ப்பாள். கடற்கரை ஊர்களிலிருந்து வந்த மரைக்காயர் வீட்டுப் பெண்கள் அப்படிப் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. முதலில் யார் போவது என்பதுதான் தெரியவில்லை.

கடலுக்கு நடுவே கல்லைக் கொட்டிப் பாலம் போட்டு, சிங்கப்பூர் ரயில் நேராக இந்தக் கரைக்கே வரத் தொடங்கியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் நிலைய வாசலில் புது மாதிரியான கூட்டம் ஒன்று இறங்கியது. கையில் குடை, கூடை, தெர்மாஸ். சாமான் வாங்க வந்தவர்களாகவும் தெரியவில்லை, விற்க வந்தவர்களாகவும் தெரியவில்லை.

"அவங்கள்லாம் எங்க போறாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தோட்டத்துக்கு" என்றார் யஹ்யா.

தோட்டம் என்றால் அந்த ஊரில் ரப்பர்தான். "மரம் சீவவா, குடை பிடிச்சுக்கிட்டு?"

"பூந்தோட்டம், புள்ளே. ஸ்கூடாய் ஆத்தோரமா போட்டிருக்காங்க. யார் வேணும்னாலும் போய் உட்காரலாம்."

"உட்கார்ந்து?"

யஹ்யா யோசித்தார். "உட்கார்ந்து என்ன. உட்கார்ந்திருப்பாங்க."

இந்தப் பதில் அவளைத் தூங்கவிடவில்லை. ரயில் ஏறி, கடல் தாண்டி, பஸ் பிடித்துப் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ இருக்க வேண்டும். குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வரும்போதெல்லாம் கடையில் சாப்பிடும் காளியப்பனைக் கேட்டுப் பார்க்கும்படி யஹ்யாவிடம் சொன்னாள். "நான் பொறந்ததுலேருந்து தோட்டத்துலதான் இருக்கேன், தவ்கே. சும்மா பாத்துட்டுப் போக ஒருத்தரும் வந்ததில்ல" என்று அவன் சிரித்ததோடு சரி.

பதில் கடைசியில் டொரத்தியிடமிருந்து வந்தது. அடுத்த வரிசை வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த கத்தோலிக்கப் பெண் அவள். புருஷன் லியோனார்டுக்கு ரயில்வேயில் வேலை. ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தவள், தானும் லியோனார்டும் வரும் ஞாயிறு பூசை முடிந்து அந்தத் தோட்டத்துக்குப் போவதாகச் சொன்னாள்.

"நீங்களும் வாங்களேன், பீவிக்கா. அங்க ஒரு இலை இருக்கு. நான் சொன்னா நம்பமாட்டீங்க."

"என்ன இலை?"

"வந்து பாருங்க."

அன்று இரவு சோற்றைப் பரிமாறிக்கொண்டே ரம்ஜான் பீவி விஷயத்தைச் சொன்னாள். கடைக்கு வருகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று யஹ்யா எண்ணுவது அவர் மெல்லும் விதத்திலேயே தெரிந்தது.

"துப்பட்டி போட்டுக்கிட்டுத்தானே போறேன். நாகூர் கந்தூரிக்கு எத்தனை சனத்துக்குள்ள போயிருக்கேன். இது வெறும் பூச்செடி."

"எனக்கு ஞாயித்துக்கிழமை கடையை விட்டு வரமுடியாதே."

"நான் உங்களைக் கூப்பிடலையே" என்றாள். யஹ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சம்மதம் அப்படித்தான் கிடைத்தது.

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஒரு மரக்கதவின் முன்னால் நின்றது. வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கிய ரம்ஜான் பீவி, முதலில் பார்த்தது புல்லை. ஆடு மாடு இல்லாத புல். அதை வெட்டிச் சீராக்கி வைத்திருந்தார்கள். அதன்மேல் சீனக் குடும்பங்களும் யூரேசியச் சட்டைக்காரக் குடும்பங்களும் துணி விரித்துச் சும்மாதான் உட்கார்ந்திருந்தன. புருஷன் சொன்னது அப்பட்டமான உண்மை என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. புல்வெளி சரிந்து இறங்கிய இடத்தில் ஆறு, தேத்தண்ணி நிறத்தில் அகலமாகக் கிடந்தது. அக்கரையில் கண்டல் மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு நின்றன.

டொரத்தி அவளைக் குளத்தருகே அழைத்துப் போனாள்.

நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டை எல்லா விருந்திலும் பார்த்திருக்கிறாள் ரம்ஜான் பீவி. அதே அளவில், அதே மாதிரி விளிம்பு மடங்கிய பச்சைச் சஹன்கள் தண்ணீரின்மேல் பத்துப் பன்னிரண்டு மிதந்தன. ஒன்றின்மேல் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. இலை அசையக்கூட இல்லை.

"நான் சொல்லல?" என்றாள் டொரத்தி.

ரம்ஜான் பீவி முழங்கால் தண்ணீரில் பாசி வழித்துக்கொண்டிருந்த தோட்டக்காரரைக் கூப்பிட்டாள். செல்லப்பன் என்று பேர். கொக்கிக் கம்பால் ஒரு இலையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அடிப்பக்கம் ரத்தச் சிவப்பு, கயிறு கயிறாய் நரம்பு, நரம்பெல்லாம் முள்.

"முள்ளு எதுக்கு?"

"மீன் கடிக்காம இருக்கும்மா. அப்படித்தான் சொல்றாங்க."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இலைகளுக்கு நடுவே ஒரு மொட்டு விரிந்துகொண்டிருந்தது. பால் வெள்ளை. பழுத்த அன்னாசி மணம் கரைவரை வந்தது.

"நாளைக்குச் சாயந்தரம் இதே பூ சிவப்பாயிரும்" என்றார் செல்லப்பன், சாதாரணமாக.

"வேற பூ பூக்கும்னு சொல்லுங்க."

"இதே பூதாம்மா."

"யாரு சாயம் போடுறா?"

டொரத்தி வாய்விட்டுச் சிரித்தாள். ரம்ஜான் பீவி சிரிக்கவில்லை. துப்பட்டியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினாள். உதட்டால் ஈரப்படுத்தி முறுக்கி, அவரிடம் நீட்டினாள். "இதை அந்தப் பூவோட காம்புல கட்டுங்க. நாளைக்கு நான் வந்து பாக்குறேன்."

செல்லப்பன் முள்ளுக்குப் பயந்து பயந்து கையை விட்டு நூலைக் கட்டினார்.

ரம்ஜான் பீவி வீடு திரும்பிய பிறகு, அவள் கேள்விகளில் யஹ்யாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பூ ராத்திரியில் எப்படி நிறம் மாறும்? பகலில் மாறுமா, இருட்டில் மாறுமா? தண்ணீருக்குள் போய் மாறுமா? அவர் தனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னார்: "அல்லாவோட குதுரத்து, அவன் வல்லமை, புள்ளே."

"அதுல எனக்குச் சந்தேகமில்ல. அது நடக்குறதைப் பாக்கணும்னுதான் சொல்றேன்."

"ஒரே தோட்டத்தை ரெண்டு நாள் போய்ப் பாக்குறவங்க உண்டா?"

மறுநாள் மதியக் கூட்டம் முடிந்ததும் அடுப்பை வேலையாளிடம் ஒப்படைத்துவிட்டு, யஹ்யா தொப்பியை எடுத்து மாட்டினார். கடை திறந்த நாளிலிருந்து, தொழுகைக்குத் தவிர, வியாபாரம் இருக்கும் பொழுதில் அவர் வெளியே போனதில்லை. தன் பெண்டாட்டி கேட்ட கேள்விகள் காலையிலிருந்து தன் தலைக்குள்ளும் சுற்றிக்கொண்டிருந்ததை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை என்பதால் தோட்டத்தில் ஆளே இல்லை. பூ மூடிக் கிடந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கரையில் குந்தியிருந்தார்கள். வெயில் சாயச் சாய இதழ்கள் ஒவ்வொன்றாக இளகின. மேல் இதழ் விரிந்தபோது உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தது. அடுத்த அடுக்கு இன்னும் சிவப்பு. நேற்றைய மணம் துளியும் இல்லை. செல்லப்பன் கொக்கியால் பூவை மெல்லக் கரைப்பக்கம் இழுத்தார். காம்பில் அவள் முறுக்கிய நூல் அப்படியே இருந்தது.

யஹ்யா குனிந்து நூலை விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, செல்லப்பனிடம், "உள்ள என்னதான் நடக்குது, தம்பி?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. கேட்டா துரை ஏதோ சொல்வாரு, எனக்குப் புரியாது. நாளைக்கு இது தண்ணிக்குள்ள முங்கிரும். காய் அங்கதான் பழுக்கும்."

அதிலிருந்து தோட்டத்துக்குப் போவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு தடவை செல்லப்பன் முள்காய் ஒன்றை உடைத்து, பட்டாணி மாதிரி இருந்த கறுப்பு விதைகளை ஒரு சிரட்டைத் தண்ணீரில் போட்டுக் கொடுத்தார். காய்ந்தால் செத்துவிடும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ரம்ஜான் பீவி செய்த முதல் காரியம், இரண்டு விதையைச் சட்டியில் வறுத்துத் தின்று பார்த்ததுதான்.

யஹ்யா பதறினார். "நஞ்சா இருந்தா என்ன பண்ணுவே?"

"இருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும். மாவு மாதிரி இருக்கு. உப்புப் போட்டா நல்லாயிருக்கும்."

மீதியை, சீனன் உப்பு முட்டை விற்றுக் காலியான பெரிய ஜாடியில் சேறும் தண்ணீரும் நிரப்பிப் போட்டாள். முதலில் வந்தது புல் மாதிரி ஓர் இழை. அடுத்தது வேல் முனை மாதிரி. அதற்கப்புறம் வட்டம். ஒரு தேத்தண்ணிச் சாசர், பிறகு ஒரு சோற்றுத் தட்டு, அதோடு நின்றுவிட்டது. விளிம்பும் மடங்கவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க அவள் உரம் மாற்றினாள், இடம் மாற்றினாள், கொசு வராமலிருக்கச் செல்லப்பனிடம் மீன்குஞ்சு வாங்கி விட்டாள். கடைக்கு வந்தவர்கள் கை கழுவுகிற சாக்கில் கொல்லைப்புறம் போய் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் செய்தி சுகாதார இன்ஸ்பெக்டர் காதுக்கும் எட்டியது. மலேரியாவுக்குப் பயந்து வீடு வீடாகத் தேங்கிய தண்ணீரைக் கொட்டவைத்துக்கொண்டிருந்த காலம். வந்தவர் வயதான மலாய்க்காரர், நல்ல மனிதர். அகப்பையால் ஜாடித் தண்ணீரை முகந்து முகந்து பார்த்தார். ஒரு புழுகூட இல்லை. மீன்குஞ்சைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனாலும் ஒரு ஜாடியை விட்டால் தெருவே ஜாடி வைக்கும், கொட்டத்தான் வேண்டும் என்றார்.

சாக்குத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த ரம்ஜான் பீவி, "வேற தண்ணிக்கு மாத்திட்டா சரியான்னு கேளுங்க" என்றாள். யஹ்யா மலாயில் கேட்டார். எந்தத் தண்ணீர் என்று திருப்பிக் கேட்டார் இன்ஸ்பெக்டர். தோட்டத்துக் குளத்தைச் சொன்னதும், "அலமாக், அவ்வளவு தூரமா" என்று வியந்து சிரித்துவிட்டுச் சரி என்றார்.

சேறு சிந்தச் சிந்த ஜாடியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குளத்தின் வடக்கு மூலையில், மற்றவற்றிலிருந்து தள்ளி, செல்லப்பன் அதை இறக்கி நட்டார். போகப் போகப் புது இலைகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாக வந்தன. மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முழுச் சஹன் விளிம்பு மடங்கி மிதந்தது. அதன் முதல் மொட்டு விரிந்த சாயந்தரம், யஹ்யா கரையில் நின்று, ஜாடியில் இருந்த அதே செடிதானா என்று மூன்று முறை கேட்டார். அன்று பதில் சொல்கிறவள் ரம்ஜான் பீவியாக இருந்தாள்.

அவள் போவதைப் பார்த்து, மளிகைக்கடை சுப்ஹான் மனைவி மஹ்மூதா ஒருநாள் கூட வந்தாள். பிறகு அவள் நாத்தனார். பிறகு ஊரிலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்த பெண்கள். ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு அந்தப் புல்வெளியில் ஆறேழு வெள்ளைத் துப்பட்டிகள் உட்கார்ந்திருப்பது யாருக்கும் வியப்பாக இல்லாமல் போயிற்று. கடை வியாபாரமும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில் ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்கள் பலர் ஊர் திரும்பியபோது, யஹ்யாவும் திரும்பிப் போகலாமா என்று யோசித்தார். அந்தப் பேச்சு நடந்ததும் ஆற்றங்கரையில்தான். ரம்ஜான் பீவி காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கரையில புகை வருது பாருங்க. தினமும் வருது. அது என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

படித்துறையில் ஒரு சம்பான் கட்டிக் கிடந்தது. துடுப்புக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். யஹ்யா போய் அவரை எழுப்பினார்.

அக்கரையில் கண்டல் மரங்களுக்குப் பின்னால் குவிமாடம் மாதிரி ஒரு கரிச்சூளை இருந்தது. உடம்பெல்லாம் கரி அப்பிய சீனர் ஒருவர் அதன் வாயைச் சேற்றால் அடைத்துக்கொண்டிருந்தார். துப்பட்டி போட்ட ஒரு பெண் சேற்றில் கால் வைத்து இறங்கி வருவதைக் கண்டு கையை நிறுத்தினார். ரம்ஜான் பீவி சூளையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு, உள்ளே நெருப்பு இருக்கும்போது மரம் சாம்பலாகாமல் எப்படிக் கரியாகிறது என்று, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அவரிடம் கேட்கத் தொடங்கினாள். யஹ்யா ஒரு மரக்கட்டையைத் தேடி உட்கார்ந்தார்.