தாவீது தலையாட்டிய வைத்தியங்கள்

செவிலிமேட்டிலிருந்து பெரிய காஞ்சிபுரம் வரை ஷேர் ஆட்டோ ஓட்டும் தாவீதுக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. வண்டி நிறைந்திருக்கும்போது யாராவது கை காட்டினாலும் நிறுத்திவிடுவார். முகம் தெரியாதவர் வீட்டுக் காதுகுத்துக்குக்கூட, அழைத்தார்களே என்று போய் நிற்பார். அங்கன்வாடியில் வேலை செய்யும் அவர் மனைவி சுகாசினி, "கேட்டா வண்டியையே எழுதிக் குடுத்துடுவ நீ" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவர்.

போன ஆடியில் தாவீதின் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்தது. நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டுகிற அலுப்புதான் என்று இருந்துவிட்டார். சுகாசினி விடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். ஸ்கேனில், காலின் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியிருந்தது தெரிந்தது. டாக்டர் ஜெயப்ரியா சில நாள் ஊசி போட்டுவிட்டு, ரத்தம் சட்டென்று உறையாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதினார். ஆறு மாதம் சாப்பிட வேண்டும்.

"வேற எது சாப்பிடறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுதான் சாப்பிடணும். சரியா?"

"சரிங்கம்மா" என்று தாவீது தலையாட்டினார். மனதார ஆட்டிய தலைதான் அது. அதன் பிறகு மற்றவர்களிடம் ஆட்டியதும் மனதாரத்தான். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

டாக்டர் சொன்னபடி காலில் முட்டி வரை இறுக்கமான உறை போட்டுக்கொண்டு ஓட்டினால், வண்டியில் ஏறுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? மார்க்கெட்டில் கீரை விற்கும் பெரியநாயகி முதல் நாளே ஆரம்பித்தார்.

"பச்சைப் பூண்டு அரைச்சி பால்ல கலந்து குடிப்பா, கட்டி கரைஞ்சிடும். எங்க வூட்டுக்காரரு அதான் குடிச்சிக்கினு இருந்தாரு."

அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று தாவீது கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தூக்கு டப்பாவில் பூண்டுப் பால் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேல்முருகன், பஸ் ஸ்டாண்டு அருகே ஒருவரிடம் வாங்கிய பழுப்புப் பொடியைக் கொண்டுவந்தான். கவரில் பேர் ஊர் எதுவும் இல்லை. "நேச்சுரல்ணா. சைடு எஃபெக்டே கிடையாது" என்றான். அதையும் தண்ணீரில் கலக்கிக் குடித்தார்.

போதாததற்குத் தோள்பட்டை வலி. அதே ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்த சித்த மருத்துவப் பிரிவுக்குத் தாவீது தானாகவே போனார். டாக்டர் கலைவாணி பொறுமையாகப் பார்த்து, "இங்கிலீஷ் மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். வேறு டாக்டரிடமும் போகிறோம் என்று சொன்னால் இந்த அம்மா வருத்தப்படுவாரே என்று, "இல்லம்மா" என்றார் தாவீது. தேய்க்கத் தைலமும் சாப்பிட மஞ்சள் சூரணமும் கிடைத்தன.

மாத்திரை தொடங்கிய ஐந்தாவது வாரம் ஒரு காலையில் சவரம் செய்யும்போது கன்னத்தில் பட்ட கீறலிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. பஞ்சை ஒட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். பாதி வழியில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிச் சட்டையை நனைத்தது.

"நிறுத்துப்பா! இன்னாத்துக்கு இன்னும் ஓட்டிக்கினு இருக்கிற?" என்று கத்தினார் பெரியநாயகி.

பெரியநாயகியைத் தவிர மற்றவர்கள் இறங்கிக்கொள்ள, கூட வந்துகொண்டிருந்த வேல்முருகன் வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான். தன் வண்டியில் முதல்முறையாகப் பின்சீட்டில் உட்கார்ந்த தாவீது, துணியால் மூக்கை அழுத்திக்கொண்டே, "இறங்கினவங்கல்லாம் வேலைக்கு லேட்டா போவாங்களே" என்று கவலைப்பட்டார்.

ஜெயப்ரியா உடனே ரத்தப் பரிசோதனை செய்தார். "ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற அளவு ரெண்டுலேருந்து மூணுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு ஏழுகிட்ட இருக்கு. மாத்திரையைத் தவிர வேற என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

பின்னால் நின்ற பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணும் இல்லியா? தெனமும் ஒரு டம்ளர் பூண்டுப் பால் குடிச்சது யாருப்பா?"

வேல்முருகன் மெதுவாகப் பையிலிருந்து பொடிக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தான். வேறு வழியில்லாமல் தாவீதும் சித்த மருந்தைப் பற்றிச் சொன்னார். ஜெயப்ரியா போன் செய்ததும் கலைவாணி வந்துவிட்டார்.

"நான் கேட்டேனா இல்லையா? இந்த மாத்திரை சாப்பிடறது தெரிஞ்சிருந்தா அந்தச் சூரணத்தைக் குடுத்திருக்கவே மாட்டேன்."

"நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்மா..."

இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். "நாங்க ரெண்டு பேரும் மத்தியானம் ஒண்ணாதான்ங்க சாப்பிடறோம்" என்றார் ஜெயப்ரியா.

கலைவாணி பொடியை முகர்ந்து பார்த்தார். "பேரு இல்ல, செஞ்சவன் யாருன்னு இல்ல. இதுல என்ன கலந்திருக்குன்னு எனக்கே தெரியாது. இதை இனிமே தொடாதீங்க."

"பூண்டு கூடவாம்மா கெடுதல்? கொழம்புல போடறோமே" என்றார் பெரியநாயகி, குரல் உள்ளே போக.

"குழம்புல தாராளமா போடுங்கம்மா. இந்த மாத்திரையோட தினமும் மருந்தாட்டம் அரைச்சிக் குடிக்கிறதுதான் இவருக்கு ஆகாது. அதால கட்டி கரையும்னும் சொல்ல முடியாது. மூணுல எது பண்ணிச்சின்னு எனக்கும் அடிச்சிச் சொல்லத் தெரியல. அதனால மூணையும் நிறுத்திடலாம்" என்றார் ஜெயப்ரியா.

தைலத்துக்கு மட்டும் தடையில்லை. ஆனால் தோளில் மட்டும்தான், காலில் தேய்க்கக் கூடாது என்றார்கள்.

ரத்தத்தைச் சரிசெய்ய மருந்து கொடுத்து, மூன்று நாள் படுக்கவைத்தார்கள். பெரியநாயகி மூன்று நாளும் வந்து, "நல்லதுக்குத்தானேப்பா சொன்னேன்" என்று கண் கலங்கினார். "அய்யோ, உங்களை யாரு இன்னா சொன்னா? நான் டாக்டர்கிட்ட சொல்லாதது என் தப்புக்கா" என்று படுத்தபடியே அவரைத் தேற்றினார் தாவீது. சொல்லும்போதுதான் அது எவ்வளவு உண்மை என்று அவருக்கே உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் அதை சுகாசினியிடமும் சொன்னார். "எல்லாருக்கும் தலையாட்டாதன்னுதான நான் அப்பலேருந்து சொல்றேன்" என்று அவர் ரசம் ஊற்றினார்.

தை மாத ஸ்கேனில் கட்டி இல்லை, மாத்திரையும் நின்றது. உட்கார்ந்தே இருக்காமல் நடக்கச் சொல்லி இரண்டு டாக்டர்களும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். அதனால் இப்போது ஒவ்வொரு டிரிப்புக்கு நடுவிலும் ஆட்டோ ஸ்டாண்டை நான்கு முறை சுற்றி வருகிறார். முதலில் சிரித்த டிரைவர்களில் ஐந்து பேர் இப்போது கூடவே சுற்றுகிறார்கள். சவாரிக்கு வருகிறவர்கள்தான், எந்த வண்டி முதலில் கிளம்பும் என்று தெரியாமல், நடந்துகொண்டிருக்கும் டிரைவர்களின் பின்னாலேயே கேட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.